நாலு கேன் 22 டாலர்: இந்த ஐபிஏவுக்கு அந்த விலை தகுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். நியூ ஜெர்சியில் உங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில், மாசசூசெட்ஸிலிருந்து வருகிற ஒரு சிறிய ஆலையின் கலங்கலான டபுள் ஐபிஏ இருக்கிறது (ஐபிஏ என்பது இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் வாசனையும் தூக்கலான ஒரு பீர் வகை; டபுள் என்றால் அதிலும் ஆல்கஹால் கூடியது). 16 அவுன்ஸ் கேன் நான்கு, 22 டாலர். அதே அலமாரியில் ஊரறிந்த பெரிய கம்பெனியின் ஐபிஏ, 12 அவுன்ஸ் கேன் பன்னிரண்டு, ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கிறது. லிட்டர் கணக்கில் பார்த்தால் முதலாவது இரண்டேகால் மடங்கு விலை. "குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டேகால் மடங்கு நன்றாக இருந்ததா? இல்லை, விலையைக் கொடுத்துவிட்டோமே என்று நானே நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அதைத் தயாரிக்க உண்மையிலேயே அவ்வளவு செலவாகிறதா? ஆகிற செலவு நாக்குக்குத் தெரிகிறதா? மூன்றாவது நீங்கள் கூச்சத்தோடு கேட்டது: நான் ஏமாளியா? மூன்றாவதற்கு மட்டும் இப்போதே பதில்: இல்லை. முதல் இரண்டுக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் இல்லை. கெமிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு ஆரிகன் மாநிலத்தில் ஒரு நடுத்தர பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். அங்கே விற்றதும் இந்த மாதிரி விலை உயர்ந்த ஐபிஏதான், என் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது. அதற்கு முன்னால், கரூரில் எங்கள் அப்பா காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். உண்மையைச் சொன்னால், உங்கள் கேள்விக்கான பாதி பதிலை நான் அந்தக் கடையில்தான் கற்றேன்.

முதலில் இந்தக் கேனுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். பீருக்கு நான்கு பொருள்: தண்ணீர், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஈஸ்ட் (நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்), ஹாப்ஸ். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. காய வைத்து, அரைத்து, மாட்டுத் தீவனக் குச்சி மாதிரி சின்னச் சின்னப் பச்சைக் கட்டிகளாக அழுத்தி விற்கிறார்கள். இதைக் கொதிக்கிற மால்ட் வடிநீரில் ஒரு மணி நேரம் போட்டால் கசப்பு மட்டும் இறங்கும், வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு போட்டாலோ, நொதித்து ஆறிய பீரிலேயே போட்டு ஊற விட்டாலோ கசப்பு குறைவு, வாசனை தூக்கலாக வரும். ரசம் வைக்கிற யாருக்கும் இது புதிதில்லை. நுரை கட்டி வரும்போது இறக்கி, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடி வைப்போம். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் அது வெறும் தழைத்தண்ணீர். ஆறிய பீரில் ஹாப்ஸைப் போடுவதற்குப் பெயர் ட்ரை ஹாப்பிங். நீங்கள் குடித்த பீரின் மாம்பழ வாசனை, கொய்யா வாசனை, சாத்துக்குடித் தோல் வாசனை எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து வருவது. கொய்யா என்று நான் சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. சிட்ரா, மொசைக், நெல்சன் சோவின் போன்ற ஹாப்ஸ் வகைகளில் இருக்கிற சில கந்தகச் சேர்மங்கள் கொய்யாவிலும் பேஷன் ஃப்ரூட்டிலும் இருப்பவையே. அவை மிக நுண்ணிய அளவில் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஆனால் அதே கந்தகக் குடும்பம் ஹாப்ஸைத் தாமதமாக அறுவடை செய்தால் வெங்காயம், பூண்டு என்று திரும்பிக்கொள்ளும். பூண்டு வாசனை அடித்த டபுள் ஐபிஏவை 24 டாலருக்கு வாங்கி, ஒரு மிடறு குடித்துவிட்டு சிங்க்கில் கொட்டியிருக்கிறேன்.

இனி செலவுக் கணக்கு. அமெரிக்காவில் பீர் ஆலைகள் பீப்பாய்க் கணக்கில்தான் பேசும். ஒரு பீப்பாய் 31 காலன், அதாவது சுமார் 117 லிட்டர். உங்கள் 473 மில்லி கேனில் ஊற்றினால் 248 கேன் வரும். சாதாரண லாகருக்கு (கசப்பு குறைந்த, தெளிந்த அன்றாட பீர்) ஒரு பீப்பாய்க்கு அரை பவுண்டு ஹாப்ஸ் போட்டாலே தாராளம். கலங்கலான டபுள் ஐபிஏவுக்கு, கொதி அடங்கிய பிறகு போடுவது, பிறகு ட்ரை ஹாப்பிங், எல்லாம் சேர்த்து ஆறு பவுண்டு போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மடங்கு. கேட்கும்போது மலைப்பாக இருக்கிறதல்லவா? இப்போது வகுத்துப் பாருங்கள். நல்ல வகை ஹாப்ஸ் பவுண்டு 15 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆறு பவுண்டு 90 டாலர். 248 கேனுக்குப் பிரித்தால் கேனுக்கு 36 சென்ட். எட்டு சதவீத ஆல்கஹால் வர மால்ட் அதிகம் வேண்டும், அது ஒரு 20 சென்ட். கேன், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து 35, 40 சென்ட். ஈஸ்ட், மின்சாரம், கார்பன் டை ஆக்சைடு, சுத்தம் செய்யும் ரசாயனம் என்று ஒரு 10. பிறகு சேதாரம்: இவ்வளவு பச்சைத்தூளைப் போட்டால் அது தன் பங்குக்குப் பீரை உறிஞ்சிக்கொண்டு டேங்க் அடியில் சேறாகப் படியும், நூறு லிட்டரில் பத்துப் பதினைந்து லிட்டர் அந்தச் சேற்றோடு சாக்கடைக்குப் போகும். எல்லாம் கூட்டினால் ஒரு கேனின் பொருள் செலவு ஒன்றேகால் டாலர் பக்கம் நிற்கும். இது என் கைக்கணக்கு; ஆலைக்கு ஆலை, ஹாப்ஸ் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஆனால் மூன்று டாலர் ஆகாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

நீங்கள் கொடுத்ததோ கேனுக்கு ஐந்தரை. மீதி எங்கே போகிறது? ஆலைக்காரர் பையில் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் வாங்கியது கடையில். கடைக்காரர் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வார். அவருக்கு விற்கிற விநியோகஸ்தர், மிச்சத்தில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வார். ஆலைக்கு வந்து சேர்வது மூன்று டாலருக்கும் குறைவு. அதில் பொருள் செலவு போக ஒன்றரை டாலர் சொச்சம்தான் சம்பளம், வாடகை, டேங்க் வாங்கிய கடன், உரிமக் கட்டணம் எல்லாவற்றுக்கும். வரி இதில் பெரிய ஆள் இல்லை. ஆண்டுக்கு முதல் 60,000 பீப்பாய் வரை சிறிய ஆலைகளுக்கு மத்திய அரசின் கலால் வரி பீப்பாய்க்கு மூன்றரை டாலர்தான், கேனுக்கு ஒன்றரை சென்ட்கூட வராது. பெரிய கம்பெனிக்கும் சிறிய ஆலைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அளவில் இருக்கிறது. அவர்களுடைய லைன் ஒரு நிமிடத்தில் அடைக்கிற கேன்களை அடைக்க எங்கள் லைனுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அங்கே ஒரு ஆள் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்களிடம் நான்கு பேர், அதில் ஒருவர் கேனின் ஓரத்தில் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டு. ஆக, முதல் கேள்விக்குப் பதில்: செலவு பொய்யில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி சின்னதாக இருப்பதற்கான செலவு, சுவைக்கான செலவு இல்லை. இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: ஆலை வாசலுக்கே போய் வாங்கினாலும் விலை அநேகமாக அதேதான், ஏனென்றால் தன் பீரை விற்கிற கடைக்காரரை ஆலை பகைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அங்கே அந்த ஐந்தரை டாலர் முழுக்க ஆலைக்குப் போகிறது. ஆலை வாசலில் விற்க முடிகிற வரைதான் பல சின்ன ஆலைகள் உயிரோடு இருக்கின்றன.

இப்போது இரண்டாவது கேள்வி: அந்த ஆறு பவுண்டு நாக்குக்குத் தெரிகிறதா? இதைப் பற்றி எங்கள் மாநிலத்திலேயே, கொர்வாலிஸில் உள்ள ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், ஸ்காட் லாஃபாண்டேன், தாமஸ் ஷெல்ஹாமர் இருவரும் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பீரை எடுத்து, லிட்டருக்கு 2 கிராமில் தொடங்கி 16 கிராம் வரை கேஸ்கேட் ஹாப்ஸை வெவ்வேறு அளவில் ஊறப்போட்டு, பயிற்சி பெற்ற குழுவிடம் கொடுத்தார்கள். லிட்டருக்கு எட்டு கிராம் தாண்டியதும் வாசனையின் வீச்சு அதற்கேற்றபடி கூடவில்லை. கூடியது பழ வாசனையும் இல்லை. மூலிகை, தேயிலை மாதிரியான தழை வாசனை. லிட்டருக்கு எட்டு கிராம் என்பது பீப்பாய்க்கு இரண்டு பவுண்டு. ட்ரை ஹாப்பிங்குக்கு மட்டும் நான்கு பவுண்டு போடுகிறவர் அதைப்போல இரண்டு மடங்கில் நிற்கிறார். இந்த ஆய்வை ஆலைக்குள் நான் எடுத்துப் பேசியபோது எங்கள் பிரதான பீர் வடிப்பாளர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த ஆய்வு ஒரே வகை ஹாப்ஸைக் கொண்டு, அசைக்காமல் ஊறவிட்டுச் செய்தது. சிட்ராவுக்கோ கேலக்ஸிக்கோ எல்லை வேறாக இருக்கலாம், டேங்கைக் கலக்கிவிட்டுச் செய்தாலும் மாறலாம். ஆனால் ஏதோ ஓர் இடத்தில் எல்லை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அளவுக்கு மீறிப் போட்ட பீரில் தொண்டையில் பச்சை இலையை மென்று விழுங்கிய மாதிரி ஓர் அரிப்பு இருக்கும். ஆலைக்காரர்களே அதை ‘ஹாப் பர்ன்’ என்பார்கள். லேபிளில் ‘டபுள் ட்ரை ஹாப்ட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதற்குச் சட்டப்படி எந்த விளக்கமும் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு முறை போட்டதாகவும் இருக்கலாம், இரண்டு மடங்கு போட்டதாகவும் இருக்கலாம், விலையை ஏற்றுவதற்குப் போட்ட எழுத்தாகவும் இருக்கலாம்.

ஈஸ்ட் ஹாப்ஸ் வாசனையை மாற்றிப் புதுப் பழ வாசனை உண்டாக்குகிறது என்று லேபிளிலும் விளம்பரத்திலும் படித்திருப்பீர்கள். அப்படி ஒரு மாற்றம் நடப்பது உண்மை. ஜெரானியால் என்ற வாசனைப் பொருளை ஈஸ்ட் சிட்ரோனெல்லாலாக மாற்றுவதைக் கருவியில் அளந்துவிடலாம். அது ஒரு கிளாஸ் பீரில் நாக்குக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிய விஷயமா என்பதில் படித்தவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. அதற்காகத் தனியாக ஒரு டாலர் கூடக் கொடுக்க மாட்டேன்.

நான் உறுதியாகப் பேசக்கூடிய இடத்துக்கு இப்போது வருகிறேன். அப்பா கடையில் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டிலிருந்து யாராவது வந்து ஒரு கிலோ காபித்தூள் கேட்டால் கொடுக்க மாட்டார். "கால் கிலோ கொண்டுபோங்க, தீர்ந்ததும் வாங்க" என்பார். விற்பனை போகிறதே என்று அம்மா திட்டுவார். அரைத்த தூள் பத்து நாளில் செத்துவிடும் என்பது அப்பாவின் வாதம். ஹாப்ஸ் வாசனையும் அதே சாதி. கலங்கலான ஐபிஏ அதிலும் மோசம், ஆக்சிஜன் துளி பட்டாலும் தாங்காது. பீர் தொழிலில் 3-30-300 என்று ஒரு பேச்சுக்கணக்கு உண்டு: 32 டிகிரி செல்சியஸில் மூன்று நாள், 22 டிகிரியில் முப்பது நாள், 3 டிகிரியில் முந்நூறு நாள், மூன்றும் பீரை ஒரே அளவுக்குக் கெடுக்கும். இது துல்லியமான விதி இல்லை, மனதில் வைத்துக்கொள்வதற்கான தோராயம். ஆனால் திசை சரி: வெயிலில் நின்ற காரின் டிக்கியில் ஒரு வார இறுதி என்பது ஃபிரிட்ஜில் பல மாதத்துக்குச் சமம்.

ஒரு நாள் லேபில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே டேங்க், ஒரே நாள், அடுத்தடுத்து அடைத்த கேன்கள். பாதியைக் குளிரறையில் வைத்தோம், பாதியை என் மேசைக்குப் பின்னாலிருந்த அலமாரியில். ஆறு வாரம் கழித்துத் திறந்து இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். குளிரில் இருந்தது வெளிர் மஞ்சள், பலாச்சுளை நிறம். மற்றது புளி கரைத்த தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் முதலாவதில் மாம்பழமும் ஆரஞ்சுத் தோலும். இரண்டாவதில் பழைய தேன், ஊறிப்போன அட்டைப்பெட்டி. கசப்பு மட்டும் நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. இரண்டிலும் அதே ஆறு பவுண்டு ஹாப்ஸ்தான். கடையில் இரண்டையும் வைத்திருந்தால் விலையும் ஒன்றுதான். இதைவிட வயிற்றெரிச்சலான ஒன்று, எங்கள் பீரை வாங்கிய ஒரு விநியோகஸ்தரின் கிடங்கில் நடந்தது. கோடையில் மூன்று வாரம் குளிரூட்டப்படாத மூலையில் அடுக்கி வைத்துவிட்டுப் பிறகு கடைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியவந்தது, "உங்கள் பீர் இப்போதெல்லாம் முன்போல் இல்லை, காசு பிடுங்குகிறீர்கள்" என்று ஒருவர் எழுதிய மின்னஞ்சலால். அவர் சொன்னது சரி. கேனின் அடியில் என்ன தேதி என்று கேட்டேன், படம் எடுத்து அனுப்பினார், அப்புறம்தான் கிடங்கு வரை தேடிப் போனோம்.

ஆகவே உங்கள் 22 டாலரில் நீங்கள் உண்மையாக வாங்குவது பீர் பழசாகாமல் புதிதாக இருப்பதை. கடையில் அது குளிர்பெட்டியில் இருந்ததா, வெறும் அலமாரியில் இருந்ததா என்று எழுதவில்லை நீங்கள். ‘அலமாரி’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் எனக்குக் கவலை. கேனைத் தலைகீழாகப் பிடித்து அடியில் அச்சடித்திருக்கிற தேதியைப் பாருங்கள். அடைத்த தேதி போட்டிருந்தால் நல்லது. ‘இதற்குள் குடிக்கவும்’ என்ற தேதி மட்டும் இருந்தால், ஆலை எத்தனை மாதம் கொடுத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது, அது உதவாது. அடைத்து நான்கு வாரத்துக்குள், குளிரிலேயே இருந்தது என்றால் வாங்கலாம். எட்டு வாரம் தாண்டி வெளியே அடுக்கியிருந்தால் நான் பாதி விலைக்கும் எடுக்க மாட்டேன். அந்த நிலையில் பக்கத்தில் இருக்கிற பெரிய கம்பெனியின் பன்னிரண்டு கேன் ஐபிஏ நிச்சயம் மேல். அது வேகமாக விற்றுப்போகிற சரக்கு, வாரா வாரம் புதிது வரும். கலங்கல் இல்லாத, கசப்பு முன்னால் நிற்கிற பழைய பாணி ஐபிஏ பொதுவாகப் பயணத்தையும் நன்றாகத் தாங்கும். சியரா நெவாடா கம்பெனி 2009-இல் கொண்டுவந்த டார்பிடோ என்ற ஐபிஏ இன்றும் என் ஃபிரிட்ஜில் இருக்கும். இந்த மாதிரி ஒன்றை லிட்டர் ஐந்து டாலருக்கும் குறைவாகக் கொடுக்க முடிகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பயணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஊருக்குப் போகும்போது நான்கு கேனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. 473 மில்லி நான்கு என்றால் 1.89 லிட்டர், இந்தியச் சுங்கத்தில் தீர்வையில்லாமல் அனுமதிக்கிற இரண்டு லிட்டருக்குள் கச்சிதமாக அடங்கும். நானும் ஒரு மே மாதம் மச்சானுக்காகக் கொண்டுபோனேன். மீனம்பாக்கத்திலிருந்து கரூர் வரை கார் டிக்கியில். மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்காக, "வித்தியாசமா இருக்கு மாப்ள" என்றார். நானும் குடித்துப் பார்த்தேன். வித்தியாசமாகத்தான் இருந்தது.

இந்தியா பெயரிலேயே இருக்கிறதே, கப்பல் பயணத்தைத் தாங்கத்தானே இவ்வளவு ஹாப்ஸ் என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்தக் கதையில் பாதிதான் சரி. வெப்ப நாடுகளுக்குப் போகும் பீருக்கு ஹாப்ஸ் கூடுதலாகப் போடும் வழக்கம் முன்பே இருந்தது. லண்டனில் ஹாட்ஜ்சன் என்ற ஆலைக்காரர் இந்தியாவுக்கென்று புதிதாகக் கண்டுபிடித்தார் என்பதை பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் ஆவணங்களோடு மறுத்திருக்கிறார். ஹாட்ஜ்சனின் ஆலை கிழக்கிந்தியக் கப்பல்கள் நிற்கிற துறைக்குப் பக்கத்தில் இருந்தது, கப்பல் கேப்டன்களுக்கு அவர் நீண்ட தவணையில் கடன் கொடுத்தார். வியாபாரம் அப்படிப் பெருகியது. 1820-களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் ஆலைகள் போட்டிக்கு வந்தன. அந்த ஊர்த் தண்ணீரில் இருந்த ஜிப்சம் அவர்களுக்குக் கைகொடுத்தது. எப்படியும் அந்தக் காலத்து ஐபிஏவுக்கும் உங்கள் மாம்பழ வாசனை கேனுக்கும் பெயர் ஒன்றுதான் ஒற்றுமை.

இனி நீங்கள் சந்தேகப்பட்ட விஷயம்: விலை தெரிந்தால் நாக்கு மாறுமா? மாறும், சந்தேகமே வேண்டாம். ஒயினில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 2008-இல் ஹில்கே பிளாஸ்மன் என்ற ஆய்வாளரின் குழு ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லி ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துக் குடிக்கக் கொடுத்தது. 90 என்றபோது அதிகம் பிடித்திருந்தது என்றார்கள். இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. பொய் சொல்லவில்லை அவர்கள், உண்மையிலேயே அனுபவித்திருக்கிறார்கள். அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வு, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கண்மூடிச் சுவைத்தல்களை அலசி, பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை உயர்ந்த ஒயின் அதிகம் பிடிப்பதில்லை, சற்றுக் குறைவாகவே பிடிக்கிறது என்று காட்டியது. பீருக்கும் உண்டு: மூன்று ஐரோப்பிய லாகர்களை லேபிள் இல்லாமல் கொடுத்தபோது மக்களால் அநேகமாக வேறுபாடு காண முடியவில்லை. ஆனால் இதை அப்படியே உங்கள் கேஸுக்குப் பொருத்த முடியாது. அந்த லாகர்கள் ஒன்றுக்கொன்று சகோதரர்கள் மாதிரி. கலங்கலான ஐபிஏவையும் தெளிந்த ஐபிஏவையும் கண்ணைக் கட்டிக்கொண்டு யாரும் பிரித்துவிடுவார்கள். கேள்வி என்னவென்றால், 22 டாலர் கலங்கலுக்கும் 14 டாலர் கலங்கலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்.

எங்கள் ஆலையில் அதைச் சோதித்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் காலை பத்தரைக்குச் சுவைக் குழு கூடும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி கூடாது, சென்ட் போட்டுக்கொண்டு வரக்கூடாது. நிறம் தெரியாமலிருக்கச் சிவப்பு விளக்கு. மூன்று கோப்பை வரும், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு; எது வேறு என்று சொல்ல வேண்டும். ஒன்றும் தெரியாமல் ஊகித்தாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். எங்கள் விலை உயர்ந்த பீரையும் வேறொருவரின் விலை குறைந்த பீரையும், இரண்டும் புதியவை, கலங்கலானவை, ஒரே ஹாப்ஸ் வகை, இப்படி வைத்தோம். சரியாகச் சொன்னவர்கள் ஊக அளவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தினமும் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அவர்கள். சரியாகச் சொன்னவர்களிலும் சிலருக்கு விலை குறைந்ததுதான் பிடித்திருந்தது. நான் தவறாகச் சொன்ன கூட்டத்தில் இருந்தேன். ஆனால் புதியது ஒன்று, ஆறு வாரம் வெளியே இருந்தது ஒன்று என்று வைத்தபோது யாருமே தவறவில்லை.

வரிசையில் நின்று வாங்குகிற மோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வெர்மான்ட்டின் ஹெடி டாப்பர் என்ற கலங்கலான டபுள் ஐபிஏ 2011-இல் கேனில் வந்தபோது அப்படி ஒரு சுவை மக்களுக்குப் புதிது, ஆலையும் சின்னது, வரிசை நின்றதில் அர்த்தம் இருந்தது. இன்றைக்கு அந்தப் பாணி தெரிந்த ஆள் ஊருக்கு ஊர் இருக்கிறார். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் நிச்சயம் ஓர் ஆலை இருக்கும், நியூ ஜெர்சியில் அதற்குப் பஞ்சமில்லை.

ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள். எட்டு சதவீதத்தில் 473 மில்லி என்றால் ஏறத்தாழ 30 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘டிரிங்க்’ 14 கிராம். ஒரு கேன் என்பது இரண்டுக்கும் மேல். ஒரு பீர்தானே என்று குடித்துவிட்டு வண்டியை எடுக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேனை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்வதுதான் முறை. அப்படிப் பார்த்தால் ஆளுக்கு இரண்டே முக்கால் டாலர், விலை உறுத்துவதும் பாதியாகிவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. சாதாரண நாளைக்குப் பெரிய கம்பெனி ஐபிஏ, ஆனால் தேதி பார்த்து. மாதம் ஒருமுறை பக்கத்து ஆலைக்கே நேரில் போய், அந்த வாரம் அடைத்தது எது என்று கேட்டு, நாலு கேன் கட்டை வாங்காமல் பிரித்துக் கொடுத்தால் ஒன்றோ இரண்டோ. மாசசூசெட்ஸ் கேனை, அந்தப் பக்கம் போகிற நாளில், அங்கேயே. அதற்கு முன்னால் வீட்டில் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். உங்கள் 22 டாலர் கேன் ஒன்று, அதே பாணியில் விலை குறைந்த புதிய கேன் ஒன்று, இரண்டையும் ஒரே நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். மூன்று எவர்சில்வர் டம்ளர், நிறம் அவ்வளவாகத் தெரியாது. உங்களை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு உங்கள் மனைவி ஊற்றட்டும், எதில் எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கட்டும். மோந்து பாருங்கள், குடியுங்கள், எது வேறு என்று சொல்லுங்கள். பிறகு அவர் குடிக்கட்டும், நீங்கள் ஊற்றுங்கள். ஒரே தடவை செய்து சரியாக வந்தால் அது ஊகமாகவும் இருக்கலாம், நான்கு தடவையாவது செய்யுங்கள், ஒரு வாய் அளவு ஊற்றினால் போதும். நான்கிலும் சரியாகச் சொல்லி, நான்கிலும் விலை உயர்ந்ததே பிடித்தது என்றால் தாராளமாக வாங்குங்கள், நான் சொன்ன கிராம் கணக்கையெல்லாம் மறந்துவிடலாம். முடிவு என்ன வந்தது என்று இங்கே எழுதினால் மகிழ்வேன், கேனின் அடியில் இருந்த தேதியோடு.